பம்ப் ஹவுஸ் பக்கம் மீன் கிடையாது

வாரப் பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பேர். பதினெட்டு வருஷமாகப் பிழை திருத்துகிற வேலை. யார் எழுதிக் கொடுத்தாலும் அந்த வாக்கியத்தில் மூச்சு விட ஒரு இடம் கண்டுபிடித்து அங்கே ஒரு கமாவைக் குத்திவிடுவாள். ஆசிரியரே எழுதினாலும் தப்ப முடியாது. நாற்பத்தேழு வயதுவரை அவள் தூண்டிலைக் கையால் தொட்டதில்லை.

அவள் தலையில் பத்திரிகையின் மீன் பக்கம் வந்து விழுந்ததற்குக் காரணம் கொக்கு சார். அது அவருடைய புனைபெயர். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசிப் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்காக எழுதி வந்தார். ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எந்தக் கரையில் கெண்டை வருகிறது, புழுவை எப்படிக் கோர்ப்பது, போன வாரம் யாருக்கு என்ன சிக்கியது, எல்லாம் இருக்கும். பத்திரிகையை வாங்கியதும் முன்பக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு நேராக அங்கே போகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். அப்படிப்பட்டவர் ஒரு நாள், முழங்கால் வலி, இனி கரையில் உட்கார முடியாது என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆசிரியர் கமா அக்காவைக் கூப்பிட்டார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் பழைய பக்கங்களிலிருந்து எடுத்துப் போட்டால் போதும், புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம் என்றார். "நீங்க தப்பாப் போட்டாலும் மீன் வந்து கேக்கப் போறதில்லம்மா" என்று சிரித்தார்.

மீன் வரவில்லை. மூன்றாவது வாரம் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். காக்கிச் சட்டையோடு, பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் மேஜை முன்னால் நின்றார். நாற்பது வயதிருக்கும். கத்தவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, தெற்குக் கரையில், இதுவரை அவர் பார்த்தேயிராத அளவு ஒரு கெண்டை மாட்டியது என்றார். கால் மணி நேரம் விட்டுப் பிடித்துக் கரைக்குப் பத்தடி தூரம் வரை கொண்டுவந்துவிட்டார். முதுகு தெரிந்தது. அப்போது தூண்டில் நரம்பு அறுந்துபோனது. நடுவில் இல்லை, கொக்கியைக் கட்டிய முடிச்சிலேயே.

சொல்லிவிட்டு இரண்டு தாள்களை மேஜைமேல் விரித்தார். ஒன்று போன சனிக்கிழமைப் பக்கம். இன்னொன்று நாலு வருஷத்துக்கு முந்தியது, பழுப்பேறியது, அவர் வெட்டி வைத்திருந்தது. இரண்டிலும் ஒரே விஷயம், நைலான் நரம்பில் கொக்கியை எப்படி முடிச்சுப் போடுவது. பழையதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்கவும்.

"இந்த வரி எங்க போச்சு அக்கா? நான் ஞாபகத்துல கட்டாம உங்க பக்கத்தைப் பார்த்துக் கட்டினேன்."

"நான்தான் எடுத்தேன்" என்றாள் அவள். "அச்சுல எச்சில்னு வர்றது நல்லா இல்லைன்னு பட்டுச்சு."

 டிரைவர் பொறுமையாக விளக்கினார். காய்ந்த நரம்பை இழுத்து இறுக்கினால் உரசி உரசிச் சூடாகிவிடும், சூடான இடம் பலமில்லாமல் போகும், ஈரம் இருந்தால் வழுக்கிக்கொண்டு போய் ஒழுங்காக உட்காரும். சொல்லி முடித்து, பழைய தாளை மட்டும் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் போய் நின்றாள். மீனுக்கெல்லாம் யாராவது வருத்தம் தெரிவிப்பார்களா என்று அவர் கேட்டார். அவள் நகரவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் பிழையையெல்லாம் சிவப்பு மையால் சுழித்தே பதினெட்டு வருஷம் ஓட்டியவள், தன் பிழையை மட்டும் எப்படி முழுங்குவது? கடைசியில் அவர், சரி, நாலு வரிக்கு மேல் கூடாது என்றார்.

நாலு வரி எழுத உட்கார்ந்தவளுக்கு முதல் வரியிலேயே கை நின்றது. டிரைவர் சொன்னதுதான் உண்மை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கொக்கு சார் சொன்னார், டிரைவர் சொன்னார். தனக்கு என்ன தெரியும்?

சாயங்காலம் அவள் கணவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். அவர் லிஃப்ட் மெக்கானிக். கதவின் மேல்சட்டத்தில் ஆணி அடித்து, அதில் நைலான் நரம்பு கட்டி, நுனியில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, கமா அக்கா குவளை குவளையாக அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சு அறுந்து வாளி விழுந்தால், எத்தனை குவளை என்று சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த முடிச்சைப் போட்டாள். புடவை முட்டி வரை நனைந்திருந்தது.

அவர் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "குவளைக் கணக்கு சரியா வராது. பாதி வெளியில சிந்துது" என்றார். திரும்பிப் போய்த் தன் கருவிப்பெட்டியிலிருந்து ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்தார். இரும்புக் கயிற்றையெல்லாம் இழுத்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற மனுஷனுக்கு இது பிடித்த வேலை. அவள் முடிச்சுப் போட, அவர் தராசை மாட்டி இழுக்க, பத்து முடிச்சு காய்ந்தபடி, பத்து எச்சில் தொட்டு. காய்ந்ததில் ஏழு முடிச்சு மூன்று கிலோவைத் தாண்டவில்லை. நனைத்ததில் ஒன்றுகூட நாலு கிலோவுக்குள் அறுந்துபோகவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்த திருத்தத்தில் எச்சில் என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. எடைகளும் இருந்தன. நாலு வரி பதினாறு வரியானதை ஆசிரியர் அச்சான பிறகுதான் பார்த்தார். ஆனால் அடுத்த வாரம் பதினோரு கடிதம் வந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கேள்விதான். பழைய பக்கங்களில் சொன்ன மற்றதெல்லாம் சரியா?

தன் கை செய்து பார்க்காத எதையும் இனிமேல் அந்தப் பக்கத்தில் விடுவதில்லை என்று அவள் முடிவெடுத்தது அப்போதுதான். பன்னிரண்டு வருஷத்துப் பக்கங்களையும் கட்டாக எடுத்துவந்து, ஒரு நோட்டில் எல்லாக் குறிப்புகளையும் எழுதினாள். எதிரே மூன்று கட்டம் போட்டாள். சரி, தப்பு, தெரியவில்லை. ஒரு தூண்டில் கோல் வாங்கினாள். கணவரின் பழைய வேலைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, விடிந்ததும் ஏரிக்குப் போக ஆரம்பித்தாள்.

பத்தொன்பது காலை ஒன்றும் சிக்கவில்லை. முதல் வாரம் கொக்கி மாட்டியதெல்லாம் அவள் முந்தானையிலும் பின்னால் இருந்த புதரிலும்தான். ஒரு தடவை கரையில் நடந்துபோனவர் தொப்பியிலும். இதையெல்லாம் அவள் மறைக்காமல் எழுதினாள். இந்த வாரம் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கரையில் தடதடவென்று நடந்தேன், என் நிழல் தண்ணீரில் விழுந்தது, இரண்டில் எது காரணம் என்று அடுத்த வாரம் பார்க்கிறேன், என்று. அடுத்த வாரம் நிழல் விழாமல் பின்னால் தள்ளி உட்கார்ந்து, ஆனால் வேண்டுமென்றே தடதடத்துப் பார்த்தாள். அதுவும் அச்சில் வந்தது. மாவு உருண்டை கொக்கியில் நிற்காமல் கரைந்துபோகிறது என்பதற்குக் கொக்கு சார் ஒரு வழி சொல்லியிருந்தார், மாவோடு ஒரு சிட்டிகைப் பஞ்சைச் சேர்த்துப் பிசைவது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து இரண்டு உருண்டையைப் போட்டுக் கடிகாரம் பார்த்தாள். பஞ்சில்லாதது ஒன்பது நிமிஷம் தாங்கியது. பஞ்சு சேர்த்தது, அவள் சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அப்படியே இருந்தது. அது சரி.

இருபதாவது காலை விரல் நீளக் கெளுத்தி ஒன்று வந்தது. அதைத் திரும்ப விட்டுவிட்டு அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் சொன்னாள்.

நோட்டில் ஒவ்வொரு வரியாகத் தீர்ந்துகொண்டு வந்தபோது, ஒரு வாக்கியம் அவள் கண்ணை உறுத்தியது. பம்ப் ஹவுஸ் பக்கம் போகாதீர்கள், அங்கே பாசியும் முள்ளும்தான், மீன் கிடையாது. எண்ணிப் பார்த்தாள். முப்பத்தோரு தடவை. மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லும்போது கொக்கு சார் காரணம் சொல்லாமல் விடமாட்டார். ஆழம் போதாது, காற்று எதிரே வரும், சேறு என்று ஏதாவது இருக்கும். இதற்கு மட்டும் காரணமே இல்லை. வார்த்தைகூட மாறவில்லை. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பிழை திருத்துகிறவளுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும்.

ஒரு புதன்கிழமை காலை அங்கே போனாள். ஏரியின் வடக்கு மூலை. துருப்பிடித்த கம்பிவேலியைத் தாண்டி, முள்புதருக்கு நடுவே குனிந்து போகிற மாதிரி ஒரு தடம். யாரும் போகாத இடத்தில் தடம் எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டே போனாள். புதர் முடிந்ததும் கல் படிக்கட்டு. கீழே, குழாயிலிருந்து ஏரிக்குள் தண்ணீர் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. பாசியும் இல்லை, முள்ளும் இல்லை.

நாலாவது படியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு தூண்டில். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கொக்கு சார்.

முழங்கால் நன்றாகவே மடங்கியிருந்தது.

"யாரு சொல்லி வந்தே?" என்று கேட்டார்.

"நீங்கதான் சார். முப்பத்தோரு தடவை சொன்னீங்க."

  அவர் பக்கத்தில் இருந்த பையை நகர்த்தி வைத்து உட்காரச் சொன்னார். மெதுவாகப் பேசினார். அந்தக் காலத்தில் அவர் எழுத எழுத, நல்ல இடமெல்லாம் ஒரே வாரத்தில் சந்தையாகிவிடும். பாட்டு, கூச்சல், கண்ணாடிச் சில்லு. தான் கண்டுபிடித்த இடத்தில் தனக்கே உட்கார இடம் இருக்காது. முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்தது, திரும்பத் திரும்ப அந்தப் பொய்யை எழுதி அலுத்துப்போனதால்தான். விட்டுவிட்டால் பொய் சொல்லத் தேவையில்லை, இடமும் மிஞ்சும்.

"ஊருக்கு நாப்பது இடம் சொல்லிக் கொடுத்தேன்மா. ஒண்ணே ஒண்ணை எனக்குன்னு வெச்சுக்கிட்டேன். அது பெரிய தப்பா?"

 அவளுக்கு அவர் தப்பானவராகத் தெரியவில்லை. பரிதாபமாகவும் தெரியவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்து பார்த்தால் அவர் சொல்வது புரியத்தான் செய்தது. தூண்டிலை வீசினாள். தண்ணீர் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நுரை முடிகிற விளிம்பில் தக்கை நின்றது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தக்கை ஒரு தடவை ஆடி, சாய்ந்து, காணாமல் போனது.

மாட்டிய கெண்டையை அவள் விட்டு விட்டு இழுத்துக் கரைப் பக்கம் கொண்டுவந்தாள். கொக்கு சார் எழுந்து வந்து வலையைப் பிடித்தார், ஆனால் கோலைத் தொடவில்லை. இரண்டு கிலோ நூறு கிராம். இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தபோது, அவளுக்கு ஊரில் யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பப் புரியுதா? இந்தப் பக்கம் என்னோடது, அந்தப் பக்கம் உன்னோடது. எந்த நாள் வேணும்னாலும் வா."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மீன் இருந்தது. கணவர் இரண்டாவது துண்டைப் போட்டுக்கொண்டே யோசனை சொன்னார். அவள் பொய் சொல்ல வேண்டாம், அந்த இடத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் போயிற்று, சும்மா இருப்பது பொய்யில்லையே என்றார். அவளும் அதையேதான் வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் நோட்டைத் திறந்தபோது அந்த வரி மூன்று கட்டமும் காலியாக நின்றது. சரியில் போட முடியாது. தப்பு என்று தெரிந்ததைத் தெரியவில்லை என்பதிலும் போட முடியாது. பஸ் டிரைவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் முகத்தில் அறைகிற காற்றில் தெற்குக் கரையில் உட்கார்ந்திருப்பதை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள். வடக்கே ஏன் போவதில்லை என்று ஒரு தடவை கேட்டதற்கு, அங்கேதான் மீன் கிடையாதே அக்கா என்றார். அச்சில் வந்ததை நம்புகிற மனுஷன்.

மறுநாள் காலை கொக்கு சாருக்குப் போன் பண்ணினாள். நீங்களே எழுதிக் கொடுங்கள், உங்கள் பேரிலேயே போடுகிறேன், உங்களுக்குத் தோன்றிய மாதிரி சொல்லுங்கள், நான் ஒரு கமாகூட வைக்கமாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை மதியம் வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பேன் என்றாள். எழுதாவிட்டால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார்.

"நான் எழுதுவேன் சார்."

அவர் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்தது, கடிதம் வரவில்லை. ஆசிரியர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். கொக்குக்காகவே பத்திரிகை வாங்கினவர்கள் இருக்கிறார்கள், பன்னிரண்டு வருஷம் நாம் தப்பாகப் போட்டோம் என்று நாமே சொல்வதா, இந்த வாரம் வேறு ஏதாவது போடக்கூடாதா என்று மூன்று விதமாகக் கேட்டார்.

"இந்தப் பக்கமே வேண்டாம்னா எடுத்துடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பக்கம் போகணும்னா இதோடதான் என் மேஜைய விட்டுப் போகும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. மூன்றாவது தடவை மணியடித்தபோது ஆசிரியர் தன் அறையிலிருந்தே கையை ஆட்டினார், போகட்டும் என்று.

கொக்கு சாரை அங்கே பார்த்ததை அவள் எழுதவில்லை. முழங்காலைப் பற்றியும் எழுதவில்லை. அது மீன் சமாசாரம் இல்லை என்று நினைத்தாள். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் வந்த ஒரு தகவல் தவறு, பம்ப் ஹவுஸ் பக்கம் மீன் உண்டு, புதன்கிழமை காலை நானே இரண்டு கிலோ நூறு கிராம் பிடித்தேன் என்று ஆரம்பித்தாள். குழாய்த் தண்ணீர் ஓயாமல் விழுந்து கலக்குவதால் மீனுக்கு அங்கே மூச்சும் இரையும் கிடைக்கிறது என்று காரணம் சொன்னாள். இதைப் பம்ப் ஆபரேட்டரிடமும் கேட்டு உறுதி செய்திருந்தாள். கடைசியாக, நடந்து போகவும், புதரை வெட்ட வேண்டாம், சாண் நீளத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விடவும், அறுந்த நரம்பைப் பையில் போட்டுக்கொண்டு வரவும் என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போய்ப் பார்த்தபோது படிக்கட்டில் முப்பத்தேழு பேர். கொக்கு சார் பயந்தபடியே இருந்தது. ஒருவர் நரம்பு இன்னொருவர் நரம்போடு சிக்கி, பிரிக்கிறேன் என்று இரண்டு பேர் சண்டை. யாரோ போனில் பாட்டு வைத்திருந்தார். மத்தியானம் வரை ஒருவருக்கும் ஒன்றும் மாட்டவில்லை. மீன் உண்டு என்று எழுதினது நீங்கதானே என்று இரண்டு பேர் அவளையே கேட்டார்கள். அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு, அறுந்து கிடந்த நரம்பையும் பிஸ்கட் தாளையும் பொறுக்கினாள். வெள்ளைத் தொப்பி எங்கேயும் தெரியவில்லை.  எழுதியிருக்க வேண்டாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அடுத்த நிமிஷமே, மறுபடி அந்த வெள்ளிக்கிழமை வந்தாலும் அதையேதான் எழுதுவேன் என்று தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை, முப்பத்தேழு பேர், பூஜ்யம் மீன், என்று செய்தியாகவே போட்டாள். சத்தம்தான் காரணம் என்றும் போட்டாள். அந்த ஞாயிறு இருபது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு. ஒன்றரை மாதத்தில், சும்மா உட்காரத் தெரிந்தவர்கள் மட்டும் ஆறேழு பேர் மிஞ்சினார்கள். அவர்களில் பஸ் டிரைவர் ஒருவர். ஒரு திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து, ஒன்றே முக்கால் கிலோ அக்கா, ஒன்றரைன்னே எழுதுங்க, கூட்டிச் சொன்னேன்னு பேர் வந்துடும் என்றார். அவள் ஒன்றே முக்கால் என்றே எழுதினாள்.

கொக்கு சார் போனை எடுக்கவில்லை. இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

மழை ஓய்ந்த ஒரு காலை. படிக்கட்டில் அவளைத் தவிர யாருமில்லை. பின்னால் யாரோ இறங்கி வந்து, நாலு படி தள்ளி உட்கார்ந்தார். வெள்ளைத் தொப்பி. அவளைப் பார்க்கவில்லை. தூண்டிலைப் பிரித்து, புழுவைக் கோர்த்து, வீசினார். 

"ஆழத்தைக் குறை" என்றார் திடீரென்று. "புதுத்தண்ணி சேர்ந்திருக்கு. கெண்டை மேலாகத்தான் மேயும்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி சார் என்றாள். ஆனால் கொண்டுவந்திருந்த இரண்டு தூண்டிலில் ஒன்றில் மட்டும் தக்கையைக் கொக்கிப் பக்கம் நகர்த்தி ஆழம் குறைத்தாள். மற்றதைப் பழைய ஆழத்திலேயே விட்டாள். அவர் அதைக் கவனித்தார். உதடு லேசாக இழுத்துக்கொண்டது, கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

இரண்டு மணி நேரத்தில் ஆழம் குறைத்ததில் மூன்று கெண்டை. மற்றதில் ஒன்றுமில்லை. அவள் நோட்டை எடுத்து எழுதினாள். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"சனிக்கிழமை வருமா?"

"ஒரு காலை போதாது சார். இன்னும் மூணு நாள் பார்த்துட்டுத்தான்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் தான் எழுதியது எதையும் யாரும் இரண்டாவது தடவை சோதித்துப் பார்த்ததில்லை என்றார். அப்புறம் புழு டப்பாவை மூடி, நாளைக்கு எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டார். ஐந்தரைக்கு என்றாள் அவள். மண்புழு நான் கொண்டுவருகிறேன், நீ கொண்டுவருவது ரொம்ப மெலிசு என்று சொல்லிவிட்டு, படியேறிப் போனார்.